சுளகில் உருண்ட ஞொக்கி

ஈர விறகை வென்றாள். துரை வீட்டு இரும்பு அடுப்பை வென்றாள். பொம்பிளைக்குப் பங்களாக் குசினியில் என்ன வேலை என்று உப்புப் போத்தலை ஒளித்துவைத்த பழைய கோக்கியை வென்று, அவனுடைய சமையல்காரன் வேலையையும் வாங்கினாள். இளம் வயதில் புருஷனைப் பறிகொடுத்துக் கைக்குழந்தையோடு நின்ற நாட்களை வென்றாள். கடைசியில், எங்கள் சித்தப்பா கறுப்பையாக் கங்காணியின் ஒரு வார்த்தையையும் வென்றாள். என் தங்கை மூக்காயியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கண்டியில் துணி தைத்துப் பிழைக்கிறவன் நான். அளந்து பார்க்காமல் எதையும் சொல்வது என் வழக்கமல்ல.

கிழங்கு வாங்கப் போனால் மூட்டையின் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவுவாள். தோல் சுருங்கிய பழைய உருளைக்கிழங்குதான் அவளுக்கு வேண்டும். அக்குறணையிலிருந்து வந்து கண்டியில் கடை போட்டிருக்கும் சாஹுல் ஹமீது ஒவ்வொரு முறையும் கேட்பார்: "எல்லாரும் புதுசு கேக்கிறாங்க, ஒனக்கு மட்டும் கெழட்டுக் கெழங்கா தங்கச்சி?"

"கெழடுதான் நானா தண்ணி விடாது," என்று சொல்லிக்கொண்டே பொறுக்குவாள்.

அந்தக் கிழங்கில் அவள் செய்வது ஞொக்கி. கோப்பி ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்க வந்த இத்தாலிக்காரத் துரையின் ஊர்ப் பலகாரம் அது. கிழங்கு மாவைச் சிறு உருண்டைகளாக்கி வெந்நீரில் வேகவைத்து, பாலாடைக் குழம்பில் புரட்டுவார்கள். துரை ஒருநாள் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குசினிக்குள் வந்து தானே பிசைந்து காட்டினார். மறுநாள் மூக்காயி பிசைந்தாள். இடியாப்ப மாவுக்கு விடுவதுபோல வெந்நீர் விட்டுவிட்டாள். மாவு பசையாகிக் கையோடு ஒட்டிக்கொண்டது. சுவரில் படம் ஒட்டலாம் என்று துரை சிரித்தாராம்.

அதன் பிறகு அவள் கிழங்கை அவிப்பதில்லை. தணலின் ஓரத்தில் சாம்பலில் புதைத்துச் சுடுவாள். சூடு ஆறுமுன் தோலுரித்து இடியாப்ப உரலில் போட்டுப் பிழிவாள். கிழங்கு பூப்பூவாக விழும். மாவு தூவி, அடித்துப் பிசையாமல், குழந்தையின் தலையைத் தடவுவதுபோல ஒன்றுசேர்ப்பாள். துரை முள்ளுக்கரண்டியின் முதுகில் உருட்டி வரி போட்டார். இவளோ கோப்பி ஸ்டோரில் கொட்டை பொறுக்கிய காலத்துச் சுளகைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தி இழுப்பாள். ஒருபக்கம் பின்னலின் வரி, மறுபக்கம் விரலின் குழி. "குழியில பாலாடை தங்கும்ணே" என்பாள்.

வேலை முடிந்ததும் பலகையில் மிஞ்சிய மாவில் விரலால் எழுதிப் பார்ப்பாள். எனக்குத் தெரிந்த எழுத்துகளை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும் பங்களாவில் சம்பளம் வாங்கும்போது கையெழுத்துக்குப் பதில் புள்ளடிதான் போடுவாள். கேட்டால், "வாங்குறதுக்குப் புள்ளடி போதும்" என்பாள்.

அவள் பங்களாவுக்குப் போன அன்றுதான் சித்தப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். பன்வில தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில், எல்லோர் முன்னாலும். "மாட்டெறச்சி வெட்டுற கை. இனி இவ கையால நம்ம குடும்பத்துல ஒருத்தனும் பச்சத் தண்ணி குடிக்கக் கூடாது." நான் குடித்தேன். அதனால் சித்தப்பா என் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார்.

ஆறு வருஷம் கழித்து மூக்காயியின் மகள் வேலாயிக்குப் பன்விலவில் மாப்பிள்ளை அமைந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் கங்காணி கை நனைக்காத வீட்டில் நாங்கள் எப்படிக் கை நனைப்பது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். சித்தப்பா சாப்பிட்டால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

பிள்ளையார் சதுர்த்திக்கு அவர் கட்டுக்கலைக் கோயிலுக்கு வருவார் என்று தெரிந்து, நான் முன்கூட்டியே பன்விலவுக்குப் போய், அன்று தங்கை வீட்டில் சாப்பிட அழைத்தேன். உட்காருவதற்கு வருகிறேன், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார். சோறும் பருப்பும் ஆக்கிவிடு, எதற்கு வம்பு என்று தங்கையிடம் சொன்னேன்.

"ஒளிச்சு ஆக்குறதுக்கு நா என்னாத்தத் திருடினேன்? எந்த வேலையால எம்புள்ளய வளத்தேனோ, அதையே அவரு திங்கட்டும்."

புதுச் சட்டி, புது அகப்பை வாங்கினாள். சுளகைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். விரத நாள் என்பதால் துரை சேர்க்கும் முட்டையைச் சேர்க்கவில்லை. முட்டை இல்லாவிட்டால் உருண்டை வெந்நீரில் கரைந்துவிடலாம். முதல் கையளவைப் போட்டுவிட்டு அவள் மூச்சுவிடாமல் நின்றதைப் பார்த்தேன். அடியில் கிடந்தவை ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. ஒன்றும் உடையவில்லை. பாலாடையும் வெண்ணெயும் உருகிய சட்டியில் அள்ளிப்போட்டு, மிளகு தட்டி, சாதிக்காய் உரசினாள்.

சித்தப்பா வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். நெடுநேரம் இலையைப் பார்த்தார்.

"இத மெல்லணுமா, முழுங்கணுமா?"

"மெல்ல ஒங்களுக்குப் பல்லு எங்க இருக்கு சித்தப்பா?"

கதவுக்குப் பின்னால் வேலாயி சிரித்துவிட்டாள். சித்தப்பா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொன்று எடுத்தார். பிறகு வரிசையாக எடுத்தார். இலையில் ஒட்டியிருந்த ஆடையையும் விரலால் வழித்தார். மூக்காயி அகப்பையோடு நின்றாளே தவிர, எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அவள் கேட்கமாட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி குடு ஆத்தா," என்றார்.

அவள் செம்பை நீட்டினாள். அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்தார். அந்தத் தொண்டை ஏறி இறங்கியதை நானும் வேலாயியும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பத்து நாள் கழியவில்லை, பெரிய பித்தளைச் சட்டியொன்றைத் தலையில் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். பிலிமத்தலாவையில் வாங்கியதாம். கல்யாணத்தன்று இதில்தான் அந்தப் பலகாரத்தை ஆக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதையே சொல்லிவிட்டு வந்திருந்தார். பிறந்த வீட்டிலிருந்து வரும் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரை வெட்டுவது எங்கள் வழக்கம். இதில் பெயர் இல்லை. சித்தப்பாவின் பெயரைப் பொறிக்கலாம் என்று ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்து உட்கார்ந்தேன்.

மூக்காயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஆணியை என் விரல்களிலிருந்து எடுத்தாள். சித்தப்பா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டியைத் தம் முழங்கால்களுக்கிடையில் கவிழ்த்து, ஆடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் புள்ளி புள்ளியாகத் தட்டினாள். 'மூ' சற்றுச் சாய்ந்துவிட்டது. மற்ற எழுத்துகள் நேராக நின்றன. பெயரை முடித்து, அதன் கீழே நாளையும் தட்டினாள்: வெகுதானிய வருஷம், ஆவணி இருபத்தாறு.