எண்ணிக்கை எடுக்க வராத பாவாயி அக்கா

ராசிபுரத்தில் தையல் மிஷினுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது மகள் தீபா போன் செய்தாள். "கும்மி அக்கா போயிட்டாங்க" என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது. கும்மி அக்கா என்று பாவாயி அக்காவைக் கூப்பிட்டுப் பழகிய ஊர்க்காரர்கள் உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நான் சேலத்தில் சிறையில் இருந்தவள். வரப்புத் தகராறில் கொழுந்தனாரின் மண்டையை உடைத்தேன், மறைக்க ஒன்றுமில்லை. அங்கேதான் அக்கா எங்களுக்குக் கும்மி சொல்லிக்கொடுக்க வந்தார். முதல் நாள், "எல்லாரும் வாங்க, வட்டம் போடலாம்" என்றார். நாங்கள் பழக்க தோஷத்தில் இரண்டிரண்டு பேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டோம். காவலர்கள் எங்களை எண்ணிக்கை எடுக்கும்போது அப்படித்தான் உட்கார வேண்டும். அக்கா சிரிக்கவில்லை. வரிசையின் கடைசியில் வந்து தானும் அப்படியே உட்கார்ந்தார். "எண்ணறதுக்கு நான் வரலீங்க சாமி, ஆடத்தான் வந்தேன். முட்டி வலிக்குது, யாராச்சும் தூக்கி உடுங்க" என்றார். ஒருத்தி கைகொடுத்தாள். பிறகு எல்லாரும் எழுந்தோம்.

ஜெயிலில் கும்மி எதற்கு என்று உங்களில் சிலரே அக்காவைக் கேலி செய்ததுண்டு. கும்மி வந்தபின் எங்களுக்குள் குழாயடிச் சண்டை குறைந்தது. மாத்திரை போட்டும் தூங்காதவள் தூங்கினாள். எனக்கு அது செய்தது வேறு.

தீபா அப்போது என் தங்கை வீட்டில் வளர்ந்தாள். மனு பார்க்க, அதாவது என்னைச் சந்திக்க, தங்கையோடு வருவாள். வலைக்கு அந்தப்பக்கம் நின்று தரையையே பார்ப்பாள். "சாப்புட்டியா?" என்பேன். தலையாட்டுவாள். நேரம் முடிந்துவிடும். ஒருமுறையாவது 'அம்மா' என்று கூப்பிடமாட்டாளா என்று ஏங்கி ஏங்கி நாள் போயிற்று.

அக்காவிடம் சொல்லி அழுதேன். "அழுவாத சாமி. பேச்சு வராட்டி என்ன, கை இருக்குதல்லோ" என்றார். எனக்குத் தெரியாமலே தீபாவைத் தேடிப்போய், ராசிபுரத்தில் தான் நடத்திய கும்மிக் குழுவில் சேர்த்துவிட்டார். எங்களுக்குச் சொல்லித்தந்த பாட்டையே அவளுக்கும் சொல்லித்தந்தார்.

அடுத்த மனுவில் தீபா தானாகவே கேட்டாள். "மூணாவது ஆட்டத்துல எனக்குக் கால் மாறிப்போகுது. உனக்கு வருதா?" நான் கைதட்டி ஆடிக் காட்டினேன். அவளும் தட்டினாள். "இல்லம்மா, இன்னும் மெதுவா" என்றாள். வாயில் தன்னால் வந்த 'அம்மா' அது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

விடுதலையான அன்று, "போயிட்டு வாரேங்க்கா" என்று ஆரம்பித்தேன். அக்கா என் வாயைப் பொத்தினார். "இங்க வாரேன்னு சொல்லக்கூடாது சாமி. திரும்பிப் பாக்காமப் போ."

சாவு வீட்டிலும் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பார்கள். நேற்று அக்கா வீட்டிலிருந்து எல்லாரும் அப்படியே சொல்லாமல் கிளம்பினார்கள். என்னால் முடியவில்லை. "வாரேங்க்கா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். யார் வைதாலும் வையட்டும். இன்னும் ஒரே ஒரு தரம் அவர் வந்து என் வாயைப் பொத்தக் கூடாதா?

திரும்பும் பஸ்ஸில் தீபா என் தோளில் சாய்ந்து, "அம்மா" என்றாள்.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்புட்டேன்."

அக்கா எனக்கு வைத்துவிட்டுப் போனது அதுதான்.