நர்சம்மா வெப்சைட்டில் தொலைந்த பிறந்த நேரங்கள்

வெப்சைட் செய்து கொடுப்பவன் பிழைப்பு விசித்திரமானது: சைட் ஓடுகிறவரை அவனை யாருக்கும் தெரியாது, நின்றுவிட்டால் அவன் வீட்டு வாசல் எல்லோருக்கும் தெரியும். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் இந்தப் பிழைப்பில் இருந்தேன். நீங்களும் யாருக்காவது சைட் செய்து கொடுத்து மாட்டிக்கொண்டவர் என்றால் மேலே படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

எடைக்குப் போன நோட்டுகள்

மரியபுஷ்பம் செம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருஷம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை நர்சம்மா என்றுதான் கூப்பிடும். கையில் ஏந்திய ஒவ்வொரு குழந்தைக்கும் நாள், நேரம், எடை, அன்று மழை பெய்ததா என்பது வரைக்கும் நோட்டில் எழுதி வைத்திருந்தார். வெளிநாட்டிலிருந்த மகன் யோசனை சொல்ல, அதையெல்லாம் சொந்த வெப்சைட்டாகப் போட என்னிடம் வந்தார். என் கடையில் டைப் அடிக்கும் சாந்தி நாலு மாதம் உட்கார்ந்து ஏற்றினாள். ஜாதகம் எழுத நேரம் வேண்டியவர்களெல்லாம் பிரவுசிங் சென்டரைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். நர்சம்மாவுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தன் கடிகாரத்தை எல்லோரும் நம்புவதில் பெருமை உண்டு.

ஒரு நாள், சைட்டுக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனிக்காரர்கள் சர்வரை மாற்றினார்கள். அதன் பிறகு திறந்தால் பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. நான் பதறவில்லை. "நோட்டைக் கொண்டாங்க நர்சம்மா, திரும்ப அடிச்சிரலாம்" என்றேன்.

"நோட்டைப் பழைய பேப்பர்காரன்ட்ட போட்டுட்டேனேப்பா. நீதான சொன்ன, கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனி நோட்டு எதுக்குன்னு."

ஒட்டன்சத்திரத்துப் போன்

மறுநாள் காலையில் கந்தசாமி என்பவர் ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் செய்தார். மனைவியின் ஊர் செம்பட்டிப் பக்கம். தலைப்பிரசவம் அங்கேதான், நர்சம்மா கையில்தான். பிறந்த அந்தப் பையனுக்கு இப்போது பெண் பார்க்கிறார்கள். பழைய ஜாதகம் வீடு மாறியதில் தொலைந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

சர்வர் கோளாறு, எழுத்துக் கோளாறு என்று எனக்குத் தெரிந்த கோளாறுகளையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரிங்க. எம்பையன் பேரு இருந்த எடத்துல வெறும் கேள்விக்குறியா நிக்குதுங்க. பொண்ணு வூட்டுல கேட்டா, அவன் பொறந்ததே சந்தேகம்னு சொல்றதுங்களா?"

சோளக்காட்டில் பேக்கப்

பேக்கப் இல்லாமலா? மூன்று சிடி போட்டிருந்தேன். 'நர்சம்மா' என்று என் கையெழுத்திலேயே எழுதிய முதல் சிடியில் யாரோ ஒருவருடைய வளைகாப்பு வீடியோ ஓடியது. இரண்டாவது சிடி பளிச்சென்று புத்தம் புதிதாக இருந்தது. உள்ளேயும் அப்படியே. மூன்றாவதைக் காணோம். அலமாரியைக் கவிழ்த்துத் தேடும்போது சாந்தியின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"கோடு விழுந்ததுன்னு நீங்க குப்பை டப்பாவுல போட்டதைத்தான் சார் எடுத்தேன். அப்பா சோளக்காட்டுக்குக் கேட்டாரு" என்றாள். வெயிலில் மினுங்கினால் கிளி வராதாம்.

செம்பட்டி பஸ் ஏறினேன். வரப்பில் நடந்தால், சோளத்துக்கு மேலே குச்சிக்குக் குச்சி சிடி சுழன்றுகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் படித்தேன். பதினோராவதில் என் கையெழுத்து. கயிற்றை அவிழ்க்கப் போன என் கையைச் சாந்தியின் அப்பா பிடித்துக்கொண்டார்.

"இது தொங்குன பெறகு இந்த மூலைக்கு ஒரு கிளி அண்டலை தம்பி. கொண்டு போறதுன்னா வேற ஒண்ணைக் கட்டிட்டுப் போங்க."

மாறிப்போன நட்சத்திரம்

வளைகாப்பு சிடியைக் கட்டிவிட்டு வந்தேன். சோளக்காட்டு சிடியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, நாலு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததில், நாலாவது முனகிக்கொண்டே படித்தது. கடைசிக் கொஞ்சம் வரவில்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது. ஏற்றி முடித்ததும் கந்தசாமிக்கு நானே போன் செய்து சொன்னேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை வேறு யாருக்கும் இருந்திருக்காது.

இரண்டாம் நாள் நர்சம்மா மாடிப்படி ஏறி வந்தார். "ஏப்பா, காலையில பொறந்த பிள்ளையெல்லாம் முதநா ராத்திரி பொறந்ததா காட்டுதே?" என்றார். புது சர்வர் இருந்தது அமெரிக்காவில். அது எல்லா நேரத்தையும் தன் ஊர் நேரத்துக்கு மாற்றி வைத்துவிட்டது! ஒரே இரவில் நான் எத்தனை பேருடைய நட்சத்திரத்தைக் கலைத்தேனோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். சரிசெய்த கையோடு கந்தசாமியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"ஏனுங்க, அந்தத் தப்பு நேரத்துக்குப் பொருத்தம் பத்துக்கு ஒம்பது வந்துருச்சுங்க. அதையே வச்சுக்கப்படாதுங்களா?"

பக்கத்தில் காது வைத்துக் கேட்ட நர்சம்மா போனை என் கையிலிருந்து வாங்கினார். "உம்மகன் காலையில பொறந்தான். பால்காரன் வந்து நின்னான், நாந்தான் அவனை வெளிய நிக்கச் சொன்னேன். பொய் நேரத்துல கல்யாணம் பண்ணாத" என்று வைத்துவிட்டார். சரியான நேரத்துக்கு ஆறுதான் வந்ததாம். அடுத்த வாரம் கந்தசாமியே நேரில் வந்து பத்திரிகை வைத்தார்.

"பொண்ணே சொல்லிருச்சுங்க, ஆறு பாஸ் மார்க்குதானேன்னு."

சிடியில் வராதவர்கள்

படிக்காமல் போன கடைசிப் பகுதியில் அறுபது குழந்தைகளாவது இருக்கும். நர்சம்மா தினமும் மதியம் வந்து, சாந்தி பக்கத்தில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தெரியாத இடத்தில் அந்தந்த வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். அப்படிச் செய்தி போய்த்தான் பேச்சியம்மாள் வந்தார். பூ விவசாயம், மல்லிகை மூட்டையை மார்க்கெட்டில் போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். "எம்பிள்ள அதுல இருக்காளா?" என்று கேட்டார். பிறந்து மூணு மணி நேரம் மட்டுமே உயிரோடிருந்த குழந்தை. ரேஷன் கார்டிலோ பள்ளிக்கூடத்திலோ அவள் பெயர் ஏறவே இல்லை. நர்சம்மா நோட்டில் மட்டும் ஒரு வரி இருந்திருக்கிறது.

சாந்தி தேடினாள். இல்லை. அந்த நோட்டை எடைக்குப் போடச் சொன்ன வாய் என்னுடையது.

நர்சம்மா கண்ணாடியைக் கழற்றினார். "டைப் அடி சாந்தி. பொம்பளப்பிள்ளை. வெள்ளிக்கிழமை, காலையில ஒம்பது அம்பது. ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கொறைச்சல். தலை நெறைய முடி. மழை இல்லை." சாந்தி அடித்துவிட்டு, பெயர் என்ற கட்டத்தில் விரலை நிறுத்தினாள். பேச்சியம்மாள்தான் ஸ்கிரீன் பக்கம் குனிந்தார்.

"செல்வின்னு போடு தாயி. வெளிய சொன்னதில்லை, மனசுக்குள்ள அப்பிடித்தான் கூப்புடுவேன்."

பேக்கப் எடுப்பது எப்படி என்று இப்போது யார் கேட்டாலும் ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கிறேன், நான் தொலைத்ததையெல்லாம் ஞாபகத்தில் வைத்திருந்தது ஒரு கிழவி என்பதை மட்டும் அதில் சொல்வதில்லை.