ஒரு சிட்டிகைத் துத்தநாகமும் திருத்துறைப்பூண்டி வயலும்

சென்னையில் ஒரு சிறப்பு வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கெமிக்கல் என்றாலே முகம் சுளிக்கும் சொந்தக்காரர்கள் எனக்கு ஏராளம். கல்யாண வீட்டில் "விஷம் காய்ச்சுற பொண்ணு" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார்கள். அந்த வயிற்றெரிச்சலில் இருந்தபோதுதான், போன நவம்பரில், கல்லூரித் தோழி கலைச்செல்வி போன் செய்தாள்.

"பயிரெல்லாம் செவந்து போச்சுடி. ஜிங்க் அடிச்சும் கேக்கல. இந்தப் போகமும் போச்சுன்னா அண்ணன் நெலத்த இறால் பண்ணைக்கு விட்டுடுவான். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

அந்த நிலத்தின் கதை எனக்குத் தெரியும். அவள் அப்பா ஒரு மிராசுதாரின் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். கூலியை உயர்த்தக் கேட்டதற்காக அடி வாங்கியவர். பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்த நிலத்திலிருந்து ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது. மனிதர் தீவிரமான திராவிடக் கட்சிக்காரர். பிள்ளைகளுக்கு மதியழகன், கலைச்செல்வி என்று பெயர் வைத்திருப்பதிலேயே அது தெரிந்துவிடும். அந்த வயலில் இறாலுக்கு உப்புத் தண்ணீரைக் கட்டிவிட்டால் அதன்பின் நெல் அவ்வளவு சுலபத்தில் விளையாது. நான் உடனே டிக்கெட் போட்டேன்.

எழும்பூரிலிருந்து இரவு ரயில். விடிந்ததும் திருவாரூர். ஸ்டேஷன் வாசலில் டீ பன்னிரண்டு ரூபாய், வடை பத்து. அங்கிருந்து திருத்துறைப்பூண்டி ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், வழியெல்லாம் வயல்.

வழியில் ஒரு நவீன அரிசி ஆலை வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் அங்கே பாய்லர் பார்ப்பவராம். "போர் தண்ணி உப்புங்க. குழாய்க்குள்ள சுண்ணாம்பு மாதிரி அப்பிக்கும். இப்ப ஒரு மருந்து சொட்டுச் சொட்டா விடுறோம், அப்புறம் தொல்ல இல்ல" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சிறப்பு வேதிப்பொருள் என்பது அதுதான்! யூரியா, காஸ்டிக் சோடா எல்லாம் டன் கணக்கில் விற்கும் சரக்கு. யார் செய்தாலும் ஒன்றுதான். சிறப்பு வேதிப்பொருளை அது செய்யும் வேலைக்காக வாங்குகிறோம். சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி ஒரு சிட்டிகை போதும், இல்லாவிட்டால் சாம்பார் சாம்பாராக இருக்காது. பஸ்ஸின் பெயின்ட் வெயிலில் வெளுக்காமலும், பன் நான்கு நாள் மெத்தென்றும் இருப்பது இந்தச் சிட்டிகைகளால்தான். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஆலத்தம்பாடி தாண்டியதும் தூங்கிப்போனார்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். வயலைப் பார்த்ததும் எனக்கே பகீரென்றது. சம்பா நட்டு ஒரு மாதம் ஆகியும் பயிர் கிளைவிட்டுக் குத்துப் பிடிக்காமல் நின்றது. அடி இலைகளில் துருப் பிடித்தது போலப் புள்ளிகள். துத்தநாகக் குறைபாடு, அதாவது ஜிங்க் பற்றாக்குறை என்று யாரும் சொல்லிவிடலாம்; கடற்கரையோரக் களர் மண்ணில் அது வழக்கம்தான். மருந்தடித்தும் ஏன் கேட்கவில்லை என்பதுதான் புதிர்.

"கடைக்காரன் கலப்படம் பண்ணிட்டாம்மா" என்றார் மதி அண்ணன். "டிஏபி உரத்த ஊறவச்சு எடுத்த தெளிவுத் தண்ணியில ஜிங்க் சல்பேட்டக் கொட்டுனா ஒரே கசடு. ஸ்பிரேயர் நாசில் அடைச்சிக்குது. அப்பாவோட கரைவேட்டியில வடிகட்டித்தான் அடிச்சேன்."

"ரெண்டையும் ஏன் ஒண்ணாக் கலந்தீங்க?"

"மருந்தடிக்க ஆளு கெடைக்கிறதே ஒரு நாளு. ரெண்டு தடவ எங்க கூப்புடறது? இங்க எல்லாரும் அப்புடித்தான்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டு தண்ணீர் பாட்டில்களை வரப்பில் வைத்தேன். முதல் பாட்டிலில் கடைச் சல்பேட்டைப் போட்டேன். தெளிவாகக் கரைந்தது, கடைக்காரர் நிரபராதி. அதில் டிஏபி தண்ணீரை விட்டதும் மோர் மாதிரி வெளுத்து, அடியில் கசடு இறங்கியது.

"அண்ணே, அந்தக் கசடுதான் ஜிங்க். டிஏபியில இருக்கிற பாஸ்பேட் அதைப் புடிச்சுக் கரையாம ஆக்கிடும். மருந்த வேட்டியில நிறுத்திட்டு வெறும் தண்ணிய அடிச்சிருக்கீங்க."

கலைச்செல்வி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது பாட்டிலில், எங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு பொட்டலமாக நான் கொண்டுபோன ஈடிடிஏ துத்தநாகத்தில் சிட்டிகையளவு போட்டேன். ஈடிடிஏ, உலோகத்தை நண்டு கொடுக்கால் கவ்வுவது போலக் கவ்விக்கொள்ளும் பொருள். ஷாம்புவில் இருக்கிறது, சாயப்பட்டறையில் இருக்கிறது, ரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாயிலும் அதுதான். டிஏபி தண்ணீரை ஊற்றினேன். பாட்டில் தெளிவாகவே இருந்தது. கொடுக்குப் பிடியிலிருந்து துத்தநாகத்தைப் பாஸ்பேட்டால் பிடுங்க முடியவில்லை. அண்ணன் பாட்டிலை வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்து, குலுக்கி, மறுபடி பார்த்தார்.

"சரி. இன்னிக்கே அடிச்சிருவோம். ஆனா இறால் பண்ணைக்காரருகிட்ட மாசக் கடைசியில பதில் சொல்றேன்னுட்டேன். அதுக்குள்ள பச்ச தெரியணும்."

அன்று மழை வந்து அடித்த மருந்தைக் கழுவிவிடாமலிருக்க நான் வேண்டாத சாமி இல்லை. வரவில்லை.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. நவம்பரில் குடை கட்டாயம். செருப்புக்குப் பதில் கழுவக்கூடிய ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கோடியக்கரைக்குப் போய்ப் பறவைகளையும் உப்பளங்களையும் பாருங்கள். விவசாயிகளாக இருந்தால், எந்த இரண்டு மருந்தையும் டேங்கில் கொட்டுமுன் ஒரு பாட்டிலில் கலந்து பாருங்கள். கசடு வந்தால் வடிகட்ட வேண்டாம், தனித்தனியாக அடியுங்கள். சிறப்பு வேதிப்பொருள் என்றால் பயப்படவும் வேண்டாம், சாமியாக்கவும் வேண்டாம். எதற்கு, எவ்வளவு, எதோடு சேரும் என்று கேளுங்கள், போதும்.

மாசக் கடைசியில் லீவு போட்டு மறுபடி போனேன். வீட்டில் உட்கார்ந்து போட்டோவில் பார்க்க மனம் கேட்கவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது: வயல் பச்சை! குத்துக்குத்தாய்த் தூர் கட்டி, புது இலைகள் நிமிர்ந்து நின்றன. நான் வரப்பில் ஓடியே விட்டேன். கலைச்செல்வி பின்னால் கத்திக்கொண்டே வந்தாள்.

இறால் பண்ணையின் ஆள் பைக்கில் வந்து வரப்பு முனையில் நின்றார். "என்ன மதி, கையெழுத்துப் போட்டுறலாமா?"

மதி அண்ணன் சேற்றுக் கையைத் துடைக்கக்கூட இல்லை. "எங்கப்பா அடிவாங்கி வாங்குன நெலங்க இது. நெல்லுதான் நிக்கும். வண்டியத் திருப்புங்க."

அந்தக் குறுகலான வரப்பில் பைக்கைத் திருப்ப அவர் நெடுநேரம் பாடுபட்டார். நாங்கள் மூன்று பேரும் கைகட்டி நின்று பார்த்தோம்.