அறுந்த கம்பியில் பச்சை விளக்கு

கெய்யோன் துறைமுகத்தில் எலியானா சிகுவாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை சுத்தம் என்று பெயர். சால்மன் மீன் பண்ணைகளில் முக்குளிப்பவர்களோடு பேசும் தொலைபேசிப் பெட்டிக்கு டிரைவர் எழுதியவள் அவள்தான். கம்பி இணைந்திருக்கிறதா, அறுந்துவிட்டதா என்று உள்ளேயிருக்கும் கணினிச் சில்லைக் கேட்டு மேலே சொல்லும் நிரல் அது. இணைந்திருந்தால் பச்சை விளக்கு எரியும். அந்த விளக்கை நம்பித்தான் கடலில் ஆள் இறங்குகிறார்கள்.

டிரைவர் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு சோம்பல் உண்டு. தொடங்கும்போதே ‘இணைப்பு உண்டு’ என்று குறித்துவிடுவார்கள். அறுந்தால் சில்லே கூப்பிட்டுச் சொல்லட்டும் என்று இருந்துவிடுவார்கள். எலியானாவும் அப்படித்தான் இருந்தாள். இந்தப் பெட்டியிலோ சில்லு கூப்பிட வழியே வைக்கவில்லை. கேட்டால்தான் சொல்லும், கேட்கத்தான் நாதியில்லை.

அன்று அவள் பெட்டியைப் பார்க்க மிதவைக்கு வந்திருந்தாள். பனிமூட்டத்தில் பக்கத்து மீன் கூண்டுகூடத் தெரியவில்லை. கடலுக்கடியில் அவள் தம்பி நிபால்தோ இருந்தான். கூப்பிட்டுப் பார்த்தாள், பதிலில்லை. மேற்பார்வையாளர் எவரிஸ்தோ மாத்தே தேநீரை உறிஞ்சியபடி சிரித்தார்.

“காலைல சோம்பேறின்னு திட்டினேன், தொரைக்கு ரோஷம். அதான் பச்சை எரியுதுல்ல, விடும்மா.”

அவள் விடவில்லை. பெட்டியின் பின்னாலிருந்து கம்பியை உருவினாள். கம்பி கையில் தொங்கியது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. செத்தவன் மூடாத கண்போல அது அவளையே பார்த்தது. தான் எழுதிய பொய் அது என்று அவளுக்குப் புரிந்தது.

“ஆள இறக்குங்க,” என்றாள். “இந்த வெளிச்சத்த நம்பாதீங்க.”

இன்னொருவர் இறங்கி, வலையில் கால் சிக்கிக் கிடந்தவனை வெட்டி விடுவித்துக் கொண்டுவந்தார். காற்றுக்குழாய் தனி என்பதால் பிழைத்தான். உதடு நீலம் பூத்திருந்தது. தலைக்கவசத்தில் கையளவு கம்பிதான் மிச்சமிருந்தது.

மாட்டியதுமே இடுப்புக் கயிற்றை இழுத்து மேலே தெரிவிக்க வேண்டியதுதானே என்று அவனைத் திட்டினாள். அழுதுகொண்டேதான் திட்டினாள்.

“நீதானக்கா இழுக்காதன்ன?” என்றான். “இங்கதான் இருக்கேன், அசையாம இருன்னு காதுக்குள்ள சொல்லிட்டே இருந்தியே.”

எவரிஸ்தோ சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் தம்பி நிம்மதியாகத் தூங்குவான் என்பது எலியானாவுக்குத் தெரியும். ஆனால் நாளைக்கும் அவன் இறங்க வேண்டும்.

“நான் அப்படி எதுவும் சொல்லவே இல்லடா,” என்றாள்.

நிபால்தோ காதிலிருந்த கேட்புக்கருவியைக் கழற்றித் தூர வைத்தான்.