சுவரைப் பார்த்திருந்த தூக்குவாளி

‘நான்தான் திருப்பி வைத்தேன்’ என்று அன்று நான் சொல்லவில்லை. கையில் அகப்பையோடு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “யாரு திருப்புனது?” என்று தளவாய் அண்ணாச்சி கேட்டார். நான் குனிந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம், பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் இடத்துக்கு அப்பா போன் செய்தார். “நம்ம தளவாய் அண்ணாச்சி போயிட்டாவம்மா.” போனை வைத்ததும் முதலில் தோன்றியது துக்கம் இல்லை. இனி அதை யாரிடம் சொல்வது என்பதுதான்.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அவர் சமையலைச் சாப்பிடாதவர்கள் நம்மில் குறைவு. நான் எழுதுவது வேறொரு சமையலைப் பற்றி. ஆறு கரை மீறி வந்த வருஷம் வயல்களில் மணல் ஏறியது, வாழை மொத்தமும் சாய்ந்தது. மாதக்கணக்கில் யாருக்கும் வேலை இல்லை. அப்போது அரிசி மில் களத்துக் கொட்டகையில் தினமும் மதியத்துக்கு அவர் சோறும் குழம்பும் ஆக்கினார். அரிசியும் பருப்பும் விறகும் வீடு வீடாக வந்தன. படிப்பு முடித்துச் சும்மா இருந்த நான் காய் நறுக்கப் போனேன்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சோறு வேண்டியவர்கள் காலையில் தங்கள் தூக்குவாளியைக் கொட்டகையின் பின்சுவரை ஒட்டிய பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விடலாம். நாங்கள் நிரப்பி மூடி வைத்துவிட்டு முன்பக்கம் வந்துவிட வேண்டும். எடுக்கிறவர்கள் எடுத்துப்போகும்வரை யாரும் பின்பக்கம் போகக் கூடாது, அவர் உட்பட.

அரிசி கொடுத்த ஒருவர் ஒருநாள் வந்து நின்றார். “எங்க அரிசி யாருக்குப் போகுதுன்னு பாக்கணும்லா, அண்ணாச்சி.”

“வே, ஒம்ம வீட்டுக் கல்யாணத்துல எவன் எத்தனை வடை தின்னான்னு எண்ணிக்கிட்டா இருந்தீரு? வந்ததுதான் வந்தீரு, அந்த விறகை அள்ளிப் போடும்.”

அவர் அள்ளிப் போட்டார். அண்ணாச்சி என்னிடம் திரும்பிச் சொன்னார்: “பசிச்சவன் மூஞ்சியப் பாத்துட்டுச் சோறு போட்டா, அவன் நாளைக்கு வரமாட்டான் பிள்ள.”

எனக்கு அது கேட்டது. புரியவில்லை.

எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் வாளிகள். ஒருநாள் பின்பக்கம் சண்டை. “ஏட்டி, அது எங்கம்மா சீரு குடுத்த வாளி, வச்சிட்டுப் போ!” “ஒங்கம்மா குடுத்ததுன்னா ஓட்டையால்லா இருக்கும்!” நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சியும்.

நம் வீட்டுப் பாத்திரங்களில் பேர் வெட்டியிருக்கும். அந்த பெஞ்சில் மட்டும் பேர் உள்ள பக்கம் எப்போதும் சுவரைப் பார்த்தே இருந்தது. மறுநாள் சோறு நிரப்பியதும், சண்டை வராமல் இருக்கட்டும் என்று, ஒவ்வொன்றாகப் பேர் வெளியே தெரியும்படி திருப்பி வைத்தேன். ஒன்றில் ‘ரா. ராஜம்’ என்றிருந்தது. எங்கள் தெரு ராஜம் சித்தி. குத்தகைக்கு வாழை போட்ட வீடு. கொட்டகைக்கு முதல் வாரம் அரிசி கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. படித்தேன். படித்தும் அப்படியே வைத்தேன்.

அன்று எல்லா வாளியும் போன பிறகு அந்த ஒன்று மட்டும் நின்றது. அப்போதுதான் அண்ணாச்சி கேட்டார். “சரி, நாந்தான் திருப்பியிருப்பேன். வயசாச்சுல்லா” என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

ராஜம் சித்தி வாசலுக்கு வந்தாள். “இது எங்க வாளி இல்லையே அண்ணாச்சி.”

பேர் அவளைப் பார்த்துத்தான் இருந்தது. குழம்பு வாசனைக்கு அவளுடைய இரண்டு பெண்களும் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் கதவைப் பாதி சாத்தினாள்.

“அப்படியா தாயி. வீடு மாறி வந்துட்டேன்.” அவர் வாளியோடு திரும்பி நடந்தார். மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் அந்த வாளியை நிரப்பி, பேரைச் சுவர் பக்கம் திருப்பி, பெஞ்சின் கோடியில் வைத்தார். தினமும் அது அப்படியே இருந்தது.

துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, பரணில் இருந்து ஒரு வாளியை இறக்கித் தந்தார். “இதை ஒன்கிட்டதான் குடுக்கணும்னாவ. ஏன்னு கேட்டேன். அவளுக்குத் தெரியும்னு மட்டும் சொன்னாவ.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும், ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் என் இலைக்கு முன்னால் வந்து நின்று, “பிள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் வைலே” என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்கிறது.

வாளி இப்போது என் அறையில் இருக்கிறது. பேர் இருந்த இடத்தை அரத்தால் தேய்த்திருக்கிறார். விரல் வைத்தால் வழுவழுவென்று இருக்கிறது. ஆனாலும் நான் அதைச் சுவர் பக்கமாகவே திருப்பி வைத்திருக்கிறேன்.

அவர் வாளியோடு போய்வந்த ஐந்தாம் நாள், ராஜம் சித்தியும் அவள் கணவரும் இரண்டு பெண்களும் வீட்டைப் பூட்டிவிட்டு வள்ளியூர் பஸ்ஸில் ஏறினார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை.