கிண்ணியாப் பக்கம் பத்தடி

என் வாப்பா ஸெய்னுதீன் இருபத்தெட்டு வருடம் துறைமுகத்தில் கிரேனுக்குச் சொல் கொடுத்தவர். பார்ஜ் என்ற சரக்குப் படகின் தட்டில் நின்று வோக்கிடோக்கியில் சொல்வார். பார்ஜிலேயே பூட்டிய கிரேனில், மேலே இருக்கும் சிந்துஜன் பாரத்தை இறக்குவார். இடது, வலது என்று வாப்பா சொல்வதேயில்லை; கரையிலுள்ள இடங்களின் பேரைத்தான் சொல்வார். நங்கூரமிட்ட பார்ஜ் காற்றுக்குத் திரும்பும்; கரை திரும்பாது. "கிண்ணியாப் பக்கம் ரெண்டடி. ஓர்ஸ் ஹில் பக்கம் விடு, மெல்ல." அவ்வளவுதான்.

நான் கட்டட வரைகலைஞர். வசனத்தை எழுதினால் கணினி முப்பரிமாணத்தில் வரையும். ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வாப்பா சொன்னார்: "இதத்தானே நானும் செய்யிறன். உனக்குக் கொம்பியூட்டர், எனக்குச் சிந்துஜன்."

மாசியில் ஒரு பின்னேரம் இரும்புக் கட்டு வாப்பாவின் மேல் இறங்கியது. வோக்கிடோக்கிப் பதிவில் அவருடைய கடைசிச் சொல்: "கிண்ணியாப் பக்கம் பத்தடி, இறக்கு." பிழையாகச் சொல்லித் தன் தலைமேல் தானே இறக்கிக்கொண்டார் என்று விசாரணையில் பேச்சு.

அதை மறுக்க வரையத் தொடங்கினேன். பார்ஜ், கிரேன், கட்டு, ஒரு மனிதன். அன்று காலையில் பார்ஜில் எடுத்த படத்தில் கிண்ணியா இடப்பக்கம் இருந்தது. 'கட்டை இடப்பக்கம் பத்தடி நகர்த்து' என்று எழுதினேன். கட்டு அந்த மனிதனின் தலைக்கு நேரே போய் நின்றது.

கணினியை மூடிவிட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை.

"முடிஞ்சுதா மகள்?" என்று உம்மா கேட்டார்.

"இன்னும் இல்ல உம்மா."

மூன்றாம் நாள் சிந்துஜன் வந்தார். தேநீரைத் தொடவில்லை.

"ஸெய்னுதீன் நானா சொன்னபடிதான் செய்தனான், தங்கச்சி. இடப்பக்கம்தானே கிண்ணியா."

"மத்தியானம் காத்து மாறினதெல்லோ. பார்ஜ் எந்தப் பக்கம் பாத்து நிண்டது?"

அவர் தன் கையைப் பார்த்தார். காற்றோடு திரும்பிய பார்ஜில் கிண்ணியா வலப்பக்கம் வந்திருந்தது; காலையிலிருந்து இடப்பக்கமே இறக்கிய கை, கரையைப் பார்க்க மறந்திருந்தது. அதே பிழையை நானும் விட்டிருந்தேன்.

கிண்ணியாவையும் ஓர்ஸ் ஹில்லையும் முதலில் இடத்தில் வைத்தேன். பார்ஜைத் திருப்பினேன். 'கட்டைக் கிண்ணியாவை நோக்கிப் பத்தடி நகர்த்து.' கட்டு மனிதனை விட்டு விலகி, வெறும் தட்டில் இறங்கியது.

வாப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சிந்துஜன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத விசாரணைக்குக் குடுப்பீங்களா?"

"ஓம்."

"குடுங்க. உம்மாட்ட மட்டும் என்ர பிழையெண்டு முதல்ல நான் சொல்லுறன்."

கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். குசினியில் உம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தார். சிந்துஜனை நிறுத்த நானும் எழுந்தேன்; அவர் குசினி வாசலுக்குப் போய்விட்டிருந்தார்.