அப்பா சலித்துக் கொடுத்த சேறு

காற்றே புகாத சேற்றுக்குள் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவைத்தான் நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். நமக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும், அதற்குத் தொட்டுக்கொள்ள இரும்போ, லேசாக மின்சாரம் ஏற்றிய ஒரு கம்பியோ போதும். அந்தக் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டால் அதற்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிடும். விலகி ஓடும், திரும்ப வந்து தொடும், மறுபடி ஓடும். அது ஏன் என்று கண்டுபிடிப்பதில் எனக்கு மூன்று வருடம் போயிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து லேபில் ஃப்ரீசர் பழுதாகி, சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் செத்துப்போனது. பத்து நாளில் எங்கள் ஆய்வை மதிப்பிடும் குழு வருகிறது, அவர்கள் முன்னால் ஒன்றும் ஓடவில்லை என்றால் இத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று என் கைடு சார் நிதானமாகச் சொன்னார்.

முதலில் நான் சேறு எடுத்தது எல்லையோரக் கோபாலபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் சொந்த வயலின் மடையோரத்தில். அப்பாவுக்கு போன் போட்டு, அங்கேயே கொஞ்சம் மண் எடுத்து வைக்கச் சொன்னேன். ஈரமாக வையுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. சேறு என்றால் ஈரம்தானே என்று இருந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து வீட்டுக்குப் போனபோது துவைத்த துணிப்பை ஒன்றை அப்பா என் கையில் கொடுத்தார். உள்ளே மாவு போல மண். வயல் பெயர் எழுதிய சீட்டுகூட வைத்திருந்தார்.

"கிருஷி பவனுக்கு எடுக்கற மாதிரியே எடுத்தேன் அம்மிணி. கல்லு பொறுக்கி, நெழல்ல காய வெச்சு, நாலு பங்கு போட்டு ரெண்டு பங்கத் தள்ளி, சலிச்சு வெச்சிருக்கறேன்."

விவசாய அலுவலகத்தில் மண் பரிசோதனைக்குக் கொடுக்க அதுதான் முறை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் என் வாய் எப்போதுமே என்னை முந்திக்கொள்ளும்.

"அத்தனையும் கொன்னு போட்டீங்களே அப்பா. உசுரோட இருந்ததுங்க."

அவர் பைக்குள் ஒருமுறை பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். வாய்க்காலில் தண்ணீர் விடாத மாதம், மேல் மண் வெடித்துக் கிடந்தது. முழங்கால் ஆழம் தோண்டிய பிறகுதான் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு சேறு வந்தது. பாட்டிலில் காற்று நிற்காதபடி விளிம்புவரை அடைத்து மூடினேன். பஸ் ஏற்றிவிடும்போது அவர் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கிருந்த பயத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

லேபில் அந்தச் சேற்றில் கொஞ்சம் எடுத்துக் கம்பியோடு வளரவிட்டேன். விடிந்ததும் லேபுக்கு ஓடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பேன். ஒன்றும் அசையாது. மூன்றாம் நாள் சில புள்ளிகள் நடுங்கின, அது தண்ணீரின் நடுக்கமாகவும் இருக்கலாம். ஐந்தாம் நாள் ஒரு புள்ளி கம்பியைத் தொட்டுவிட்டு விருட்டென்று ஓடியது. நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

குழு வந்து பார்த்துத் தலையாட்டியது. இன்னும் ஒரு வருடம் கிடைத்தது. அவர்கள் போனதும் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு, போனை மானிட்டர் பக்கம் திருப்பினேன்.

"இதுங்கதான் நம்மூட்டு மண்ணுல இருந்ததுங்க அப்பா."

அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அந்தக் கம்பியில கரண்டு ஓடுதா அம்மிணி?"

"ஓடுதுங்க."

"தொடுதுங்களே. அணைச்சுப்போடு சாமி, செத்துப்போயிரும்."

டார்ச் பேட்டரியில் பாதிகூட இல்லாத மின்சாரம் அது, தொட்டால்தான் அவற்றுக்கு மூச்சே என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டு முற்றத்தில் 'கொன்னு போட்டீங்களே' என்று நான் வீசிய அந்த ஒரு சொல்லோடு அவர் இத்தனை நாளும் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கையை நீட்டி சுவிட்சை அணைத்தேன்.